வலி நின்றுபோன காலை

மூன்றாம் நாள் காலையில் கண் விழித்தபோது வலி இல்லை.

அதற்கு முந்தைய இரண்டு இரவுகளும் இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் என்னைத் தூங்க விடவில்லை. படுத்தால் வலி ஏறியது. எழுந்து உட்கார்ந்தால் சற்று இறங்கியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே விடிய விடியக் கிடந்தேன். உப்புக் கரைத்த வெந்நீரைக் கொப்பளித்துக் கொப்பளித்து வாயே புண்ணாகிவிடும் போலிருந்தது. மாத்திரை போட்டால் சில மணி நேரம் அடங்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கும். மூன்றாம் நாள் விடிந்ததும் நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தேன். விரலால் தட்டிப் பார்த்தேன். குளிர்ந்த நீரை அந்தப் பக்கமாக ஒதுக்கி வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வலி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டிருந்தது.

அன்று பிற்பகலுக்குப் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தேன். தொலைபேசியில் அழைத்து, வேண்டாம், சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். வீட்டிலும் அப்படியே சொன்னேன். முழுமனத்தோடு அதை நம்பினேன்.

ஐந்து மாதம் கழித்து அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் ஒரு சிறு கொப்புளம் எழும்பியது. கடுகளவுதான். அழுத்தினால் உப்புக் கரிக்கும் நீர் கசிந்தது. வலி அப்போதும் இல்லை. கொப்புளம் வற்றுவதும் மறுபடி எழும்புவதுமாக இருந்ததால், பயந்துதான் போனேன். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். வேரின் நுனியில், எலும்பு இருக்க வேண்டிய இடத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு கரிய வட்டம்.

ஐந்து மாதத்துக்கு முன் வலி தானாகவே நின்றுவிட்டதே என்று சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "பல் குணமானதால் வலி நிற்கவில்லை. உள்ளே இருந்த நரம்பு இறந்துபோனதால் நின்றது" என்றார்.

பல்லின் நடுவே பற்கூழ் என்ற மெல்லிய திசு இருக்கிறது. நரம்புகளும் ரத்த நாளங்களும் அதற்குள் ஓடுகின்றன. உடலில் வேறெங்கு அழற்சி வந்தாலும் அந்த இடம் வீங்கும். வீங்குவதற்கு இடம் இருக்கும். பற்கூழுக்கு அந்த இடம் கிடையாது. நாலாபுறமும் கல் போன்ற சுவர். உள்ளே அழுத்தம் ஏற ஏற நரம்பு நெரிபடுகிறது. படுக்கும்போது தலைப்பக்கம் ரத்தம் கூடுதலாகச் சேர்வதால் அந்த அழுத்தம் இன்னும் ஏறுகிறது. பல்வலி இரவில் ஆளைக் கொல்வது அதனால்தான். கடைசியில் ரத்த ஓட்டம் அடைபட்டுப் பற்கூழ் மடிகிறது. மடிந்த நரம்பு வலியைச் சொல்லாது. கிருமிகளோ மடிவதில்லை. அவை வேரின் நுனி வழியாக வெளியேறித் தாடை எலும்பில் சீழ் கட்டவைக்கின்றன. நான் நிம்மதியாகத் தூங்கிய ஐந்து மாதங்களும் எனக்குள் நடந்துகொண்டிருந்தது இதுதான்.

வேர் சிகிச்சை செய்து அந்தப் பல்லைக் காப்பாற்றிக் கொடுத்தார். மூன்று முறை போக வேண்டியிருந்தது. முடிந்த அன்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இந்தச் சொத்தை தொடங்கிச் சில ஆண்டுகளாவது ஆகியிருக்கும். நடுவில் ஒரு தடவை யாராவது பார்த்திருந்தால், ஒரே நாளில் அடைத்து அனுப்பியிருப்பார்கள்."

நடுவில் யாரும் பார்க்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாக நான் எந்தப் பல் மருத்துவரின் நாற்காலியிலும் உட்காரவில்லை. வலிக்கவில்லையே, எதற்குப் போக வேண்டும்? என்னிடம் இருந்த ஒரே காரணம் அதுதான். நான் சந்திக்கும் பெரும்பாலானவர்களிடமும் அதுதான் இருக்கிறது. இந்தக் காரணம் எவ்வளவு பிழையானது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாயைப் பொறுத்தவரை வலி முதலில் வரும் செய்தி இல்லை. மற்ற செய்திகள் எல்லாம் வந்து, யாரும் கவனிக்காமல் போன பிறகு, கடைசியாக வருவது அது.

ஏன் அப்படி என்பது பல்லின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. பல்லின் மேல்பூச்சான எனாமல்தான் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது. உயிரணு கிடையாது, நரம்பு கிடையாது. உயிரணு இல்லாததால் உடைந்தால் திரும்ப வளராது. நரம்பு இல்லாததால் அரிக்கப்படும்போது நமக்குத் தெரியாது. எனாமலைத் துளைத்து, அதன் கீழே இருக்கும் டென்டின் என்ற அடுக்கைச் சொத்தை எட்டும்போதுதான் குளிர்ந்த நீர் பட்டால் கூசத் தொடங்கும். அந்தக் கூச்சம்கூடச் சிலருக்கு வருவதில்லை. எனக்கு வரவில்லை.

பல் சொத்தையைப் 'பூச்சிப் பல்' என்று சொல்கிறோம். பல்லை ஏதோ ஒரு புழு குடைகிறது என்ற எண்ணம் பழைய நாகரிகங்கள் பலவற்றில் இருந்தது. பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபொஷார் 1728-இல் வெளியிட்ட தம் நூலில் அந்தப் புழுவை ஏற்க மறுத்தார். பெர்லினில் ஆய்வு செய்த அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லோபி மில்லர் 1890-இல் உண்மையான காரணத்தை விளக்கினார்: வாயில் இருக்கும் நுண்ணுயிரிகள் நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லின் தாதுவைக் கரைக்கிறது. பூச்சி என்று ஒன்று இருந்திருந்தால் ஒருவேளை நாம் இன்னும் விழிப்பாக இருந்திருப்போம். கரைவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்தக் கரைதல் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்பதை 1940-களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற ஆய்வாளர் அளந்து காட்டினார். வாயில் சர்க்கரை பட்ட சில நிமிடங்களிலேயே பல்லின் மேலுள்ள படலத்தில் அமிலத்தன்மை கூடிவிடுகிறது. அமிலத்தை அளக்கும் pH எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்; அந்த எண் ஏறத்தாழ 5.5 என்ற எல்லைக்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது வெளியேறத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சமன்படுத்தி மீட்டெடுக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். மீட்கும்போது உமிழ்நீரில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லுக்குள் திரும்பச் சேர்கின்றன. ஆக, ஒவ்வொரு நாளும் பல் கொஞ்சம் கரைகிறது, கொஞ்சம் நிரம்புகிறது. எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதைவிட எத்தனை முறை உண்கிறோம் என்பது பெரிய விஷயமாவது இதனால்தான். மேசையில் ஓர் இனிப்புப் பானத்தை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஒவ்வொரு வாயாகக் குடிப்பவரின் பல்லுக்கு மீள நேரமே கிடைப்பதில்லை. நான் அப்படித்தான் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன்.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் நட்டம் தொடங்கும் இடத்தை ஒரு முறை என் கண்ணாலேயே பார்த்தேன். வேர் சிகிச்சை முடிந்த அடுத்த ஆண்டுப் பரிசோதனையில், மருத்துவர் என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். மேல் பற்களின் ஈறோரத்தைப் பார்க்கச் சொன்னார். ஈரமாக, பளபளப்பாக, வழக்கம்போல இருந்தன. "இப்போது பாருங்கள்" என்று காற்றுக் குழாயால் சில விநாடிகள் ஊதினார். எச்சில் உலர்ந்தது. இரண்டு பற்களில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளையாக இரண்டு கீற்றுகள் எழுந்து வந்தன. தாது வெளியேறிய இடத்தில் நுண்ணிய துளைகள் இருக்கும். அவற்றில் நீர் நிறைந்திருக்கும்வரை ஒளி உள்ளே போய்விடும். நீர் வற்றிக் காற்று புகுந்ததும் ஒளி சிதறி வெண்மையாகத் தெரியும். நான் நாக்கால் தடவியவுடன் கீற்றுகள் மறைந்துவிட்டன. மறுபடி ஊதினார், மறுபடி வந்தன.

சொத்தையின் முதல் படி அதுதான். குழி இல்லை, நிறமாற்றம் இல்லை, வலி இல்லை. இந்த நிலையில் பல்லைக் குடைய வேண்டிய தேவையும் இல்லை. பல்லின் தாதுவை வலுப்படுத்தும் ஃபுளோரைடு பூச்சு ஒன்றைத் தடவினார். ஃபுளோரைடு உள்ள பற்பசையால் இரவில் கட்டாயம் துலக்கச் சொன்னார். துலக்கிய பிறகு துப்பினால் போதும், தண்ணீர் விட்டு வாயை அலசி மருந்தைக் கழுவிவிடாதீர்கள் என்றார். அடுத்தடுத்த பரிசோதனைகளில் அந்தக் கீற்றுகள் பரவவில்லை. அந்த இரண்டு பற்களிலும் இன்றுவரை துளையிடும் கருவி படவில்லை. வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் அவற்றை நான் ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். உலர்த்திப் பார்க்க ஒரு கையும், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஒரு கண்ணும் வேண்டியிருந்தன.

இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடுக்கில் தொடங்கும் சொத்தை இன்னும் கள்ளத்தனமானது. அங்கே கண்ணும் போகாது, தூரிகையின் இழையும் போகாது. அதற்குத்தான் அவ்வப்போது எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அது தேவை இல்லை. தேவையா என்று கேட்பதில் தவறும் இல்லை.

*

சொத்தையைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், என்னை இன்னும் அதிகமாக உலுக்கியது ஈறுதான். அது அம்மாவின் கதை.

அம்மாவின் வாயில் ஒரு சொத்தை கிடையாது. அறுபது வயது வரை ஒரு பல்கூட அடைத்ததில்லை. அதைப் பற்றி அவளுக்குப் பெருமை உண்டு, எங்களுக்கும் உண்டு. துலக்கும்போது ரத்தம் வரும். "எனக்கு எப்போதுமே இப்படித்தான் வரும், பழக்கம்தான்" என்பாள். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கையிலோ காலிலோ தினமும் காலையில் ரத்தம் வந்தால் பழக்கம் என்று விட்டுவிடுவோமா? வாயில் வந்தால் விட்டுவிடுகிறோம். நானும் விட்டுவிட்டேன்.

பிறகு மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. பழைய படங்களில் அது இல்லை. பற்கள் மெல்ல முன்னோக்கிச் சரிந்துகொண்டிருந்தன. ஒருநாள் அவளே, "இது ஆடுகிறதோ?" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

மருத்துவர் அம்மாவைப் படுக்கவைத்து ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார். அதன் மேல் மில்லிமீட்டர் கணக்கில் கோடுகள் போட்டிருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பிளவில் அதை மெல்ல இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்கிறார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடங்கள். உதவியாளர் கணினியில் பதிந்துகொள்ள, மருத்துவர் எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே போவார். ஒன்று முதல் மூன்று வரை இருந்தால் ஆரோக்கியம். நான்கு என்றால் கவனிக்க வேண்டும். அதற்கு மேல் என்றால், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு பெரும்பாலும் கரைந்திருக்கும்.

நான் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "மூன்று, இரண்டு, மூன்று. மூன்று, மூன்று, நான்கு." கடைவாயிலிருந்து முன்னால் வர வர எண்கள் மாறின. "ஐந்து, நான்கு, ஆறு." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஆறு, ஐந்து, ஏழு." உதவியாளரின் விரல்கள் தட்டும் ஓசை. அம்மா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். எண்களின் பொருள் அவளுக்குத் தெரியாது. எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது.

ஈறில் என்ன நடக்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பல்லின் மேல் நாள்தோறும் ஒட்டும் மெல்லிய படலம் முழுக்க முழுக்க நுண்ணுயிரிகள். டச்சு ஆய்வாளர் ஆண்டனி வான் லேவன்ஹூக் 1683-இல் தம் பல்லிலிருந்து சுரண்டியதை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, அதில் அசையும் உயிர்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குக் கடிதம் எழுதியது இந்தப் படலத்தைப் பற்றித்தான். துலக்கினால் போய்விடும். விட்டு வைத்தால் ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் ரத்தம் வரும். டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1965-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான ஈறுகள் கொண்ட 12 பேரைப் பல் துலக்க வேண்டாம் என்று சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் எல்லோருக்கும் சரியானது.

எனக்கு இந்தச் சோதனை மிகப் பெரிய ஆறுதலாகவும் அதே அளவு வருத்தமாகவும் இருக்கிறது. ரத்தம் கசியும் அந்தக் கட்டத்தில் எல்லாமே திரும்பக்கூடியது. அதைத் தாண்டி, அழற்சி உள்ளே இறங்கி எலும்பைக் கரைக்கத் தொடங்கிவிட்டால், கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வருவதில்லை. அந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவே அம்மாவுக்கு இருபது ஆண்டுகளாவது இருந்திருக்கும். அத்தனை காலையும் துலக்கும்போது வந்த ரத்தம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. புகை பிடிப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைப்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தைப் பாதிப்பதால் ரத்தம் குறைவாகவே வரும். ஈறு நன்றாக இருப்பதாக ஏமாந்துபோவார்கள்.

அம்மா ஒழுங்காகத் துலக்குபவள். பிறகு ஏன் வந்தது? படலம் ஒரு சில நாட்கள் அப்படியே நின்றுவிட்டால் உமிழ்நீரில் உள்ள தாதுக்களை ஏற்றுக்கொண்டு காரையாக இறுகிவிடுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் வாயில் திறக்கும் இடங்களுக்கு அருகில்தான் அது அதிகம் படியும்: கீழ் முன்பற்களின் உட்பக்கம், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கம். இதைப் படிக்கும்போதே நாக்கின் நுனியைக் கீழ் முன்பற்களின் பின்புறம் கொண்டுபோய்ப் பாருங்கள். பல்லின் வழவழப்புக்குப் பதிலாகச் சொரசொரவென்று ஒரு திட்டு தட்டுப்பட்டால், அது காரை. காரையாக இறுகிய பிறகு எந்தத் தூரிகையாலும் அதைப் பெயர்க்க முடியாது. அதன் சொரசொரப்பின் மேல் புதுப் படலம் இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். கருவியால் எடுப்பதே வழி. ஸ்கேலிங் என்பது அதுதான்.

ஸ்கேலிங் என்றதும் வரும் பயத்தை நான் நன்றாக அறிவேன். "சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும், இடுக்கு விழும், எனாமல் தேய்ந்துவிடும்" என்று அம்மாவிடம் சொல்லாதவர்கள் இல்லை. அவள் அத்தனை ஆண்டுகள் போகாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். காரையை எடுத்த பிறகு இடுக்கு தெரிவது உண்மைதான். எலும்பும் ஈறும் இறங்கியதால் விழுந்த இடுக்கு அது. காரை அதை அடைத்துக்கொண்டு மறைத்து வைத்திருந்தது. பல் ஆடுவதும் அப்படியே. பிடிமானம் முன்பே போயிருக்கும். காரை பக்கத்துப் பற்களோடு சேர்த்துச் சிமென்ட் போல் ஒட்டிவைத்திருக்கும். கருவி அதிர்வால் காரையை உடைக்கிறதே தவிர, எனாமலைச் சுரண்டுவதில்லை. சில நாட்கள் கூச்சம் இருக்கும், அடங்கிவிடும். இந்தச் சில வாக்கியங்களை யாராவது அம்மாவுக்கு நாற்பது வயதில் சொல்லியிருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அந்த யாராவது நானாக இருந்திருக்கலாம்.

மேல் முன்பற்கள் இரண்டையும் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டுப் புதிய பற்கள் பொருத்தும்வரை சில வாரங்கள் இடைவெளி இருந்தது. 'பல் போனால் சொல் போச்சு' என்ற பழமொழியைச் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதன் பொருளைக் காதால் கேட்டது அப்போதுதான். 'த', 'ந' என்ற எழுத்துகளைச் சொல்ல நாக்கின் நுனி மேல்பல்லைத் தொட வேண்டும். தொட அங்கே பல் இல்லை. தன் பேத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது அம்மா ஒரு கணம் தயங்கினாள். அந்தப் பெயர் 'ந' என்ற எழுத்தில் தொடங்குகிறது. அந்தச் சில வாரங்கள் அவள் குழந்தையை 'கண்ணு' என்றே கூப்பிட்டாள்.

*

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை போக வேண்டும்? ஆறு மாதம் என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். அது ஒரு நல்ல பழக்கம். ஆனால் இயற்கை விதி இல்லை. லண்டனில் பணியாற்றிய பல் நல ஆய்வாளர் ஆப்ரி ஷைஹாம் 1977-இல் 'லான்செட்' மருத்துவ இதழில், இந்த ஆறு மாதக் கணக்குக்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறதா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து எழுதினார். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2004-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆளுக்கு ஏற்ப இடைவெளியை முடிவு செய்யச் சொன்னது: பெரியவர்களுக்கு 3 முதல் 24 மாதம், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 3 முதல் 12 மாதம். காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும், ஏற்கெனவே ஒழுங்காகப் பரிசோதனைக்குச் செல்லும் பெரியவர்களிடம் ஆறு மாத இடைவெளிக்கும், ஆளுக்கேற்ற இடைவெளிக்கும் நான்கு ஆண்டுகளில் பெரிய வேறுபாடு இல்லை என்றது. ஆபத்து குறைவானவர்களுக்கு இரண்டு ஆண்டு இடைவெளிகூட அப்படித்தான்.

இதைச் சொன்னால் சிலர், "அப்படியென்றால் போகவே வேண்டாமே" என்று முடித்துவிடுகிறார்கள். ஆய்வில் இருந்தவர்கள் போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு ஒரு தேதி இருந்தது. என் ஒன்பது ஆண்டுகளுக்குத் தேதி எதுவும் இல்லை. நீரிழிவு இருப்பவர்கள், புகை பிடிப்பவர்கள், ஈறு நோய் வந்து போனவர்கள், பல்லுக்குக் கம்பி கட்டியிருப்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள், வாயை உலரவைக்கும் மருந்துகளை நாள்தோறும் எடுத்துக்கொள்பவர்கள் இன்னும் அடிக்கடி போக வேண்டியிருக்கும். நீரிழிவு ஈறு நோயை மோசமாக்குகிறது. ஈறு நோய் ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைக் கடினமாக்குகிறது. ஆகவே நாற்காலியிலிருந்து இறங்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "என் வாய்க்கு அடுத்த பரிசோதனை எப்போது, ஏன் அப்போது?" நல்ல மருத்துவர் காரணத்தோடு பதில் சொல்வார்.

குழந்தைகளைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்கள்கூட இதில் தவறுகிறார்கள். ஏறத்தாழ ஆறு வயதில், பால்பற்களுக்கெல்லாம் பின்னால், முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். அதற்காக எந்தப் பால்பல்லும் விழுவதில்லை. சத்தமில்லாமல் வந்து வரிசையின் கடைசியில் நின்றுகொள்ளும். பெற்றோர் அதையும் பால்பல் என்றே நினைத்து, "விழப்போகிற பல்தானே" என்று விட்டுவிடுவார்கள். வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய பல் அது. அதன் மேற்பரப்பில் உள்ள பள்ளங்கள் தூரிகையின் ஒற்றை இழையைவிடக் குறுகலாக இருக்கக்கூடும். என் மகளுக்கு அந்தப் பற்கள் முளைத்திருப்பதை நாங்கள் பார்க்கவில்லை, பரிசோதனையில்தான் தெரிந்தது. அன்றே பள்ளங்களை ஒரு மெல்லிய பூச்சால் மூடிவிட்டார்கள். ஊசி இல்லை, குடைதல் இல்லை. வாயைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சுருக்கமாக, ஆனால் அழுத்தமாக எழுதிவிட வேண்டும். பரிசோதனையின்போது மருத்துவர் நாக்கைத் துணியால் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பதும், நாக்கின் அடியையும் கன்னத்தின் உட்புறத்தையும் விரலால் தடவுவதும், கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதும் பல்லுக்காக இல்லை. வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஒரு வெள்ளைத் திட்டு, ஒரு சிவப்புத் திட்டு, ஆறாத ஒரு புண், அவ்வளவுதான் தெரியும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் ஆறாத எந்தப் புண்ணையும் காட்டிவிட வேண்டும். அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. புகையிலையும் மதுவும் பழக்கத்தில் இருந்தால் ஒருநாள்கூடக் கூடாது.

போகாமல் இருப்பதற்குப் பயமும் ஒரு காரணம், தெரியும். ஆனால் நான் பார்த்தவரை ஊசியைவிட வெட்கம்தான் ஆட்களை அதிகமாகத் தடுக்கிறது. "இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற வெட்கம். அந்த ஒன்பது ஆண்டுகள் தொடங்குவதற்கு முன் நான் கடைசியாகப் பார்த்த மருத்துவர் அப்படித்தான், வரவேற்பறையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, கேட்டார். அதன் பிறகுதான் நான் போகாமல் இருந்துவிட்டேன். அப்படிக் கேட்பவரிடம் திரும்பப் போக வேண்டியதில்லை, வேறொருவரிடம் போகலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை, ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு ஏதாவதொரு வாய்நோய் இருப்பதாகச் சொல்கிறது. உலகில் கிட்டத்தட்ட பாதிப் பேர். இதில் தனியாக வெட்கப்பட யாருக்கும் ஒன்றுமில்லை.

அம்மா இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகிறாள். வேர்ப்பகுதி வரை சுத்தம் செய்தார்கள்; பல்லிடுக்குக்கென்று இருக்கும் சிறு தூரிகையை இரவில் பயன்படுத்தப் பழக்கினார்கள். முதல் நாள் புரியாமல் கேட்ட எண்கள் எல்லாம் இப்போது அவளுக்கு மனப்பாடம். சுவரோர நாற்காலியில் நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, மருத்துவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன். வாய் திறந்திருப்பதால் பேச முடியாது. ஆனால் பெரிய எண் எதுவும் வந்தால் என் பக்கம் கண்ணைத் திருப்புவாள். மேல் இடப்பக்கக் கோரைப் பல்லின் பின்புறம் ஓர் ஏழு இருந்தது. மூன்று முறை பார்த்தும் அது ஆறுக்குக் கீழே இறங்கவில்லை.

போன மாதம் மருத்துவர் அந்த இடத்துக்கு வந்து நிறுத்தினார். கம்பியை எடுத்துவிட்டு மறுபடி ஒரு முறை இறக்கிப் பார்த்தார். "நான்கு" என்றார்.

அம்மா வாயைக் கொப்பளித்துவிட்டு எழுந்து வந்து, என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்த எண்ணைத் தானே எழுதினாள்.